காலியிடத்தோடு மூன்றாவது ஆள்

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த அந்த இயற்பியல் துறையின் கட்டடம் ஓர் அணு தடிமன்தான் இருந்தது. காலை வெயில் பட்டதும் அங்கே ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள். அவர்கள் விட்ட காலியிடமும் எழுந்து கூடவே நடக்கும். நாற்காலி அங்கேயேதான் கிடக்கும், ஆனால் அதில் உட்கார இடம் இருக்காது. ஆளும் காலியிடமும் சேர்ந்த ஜோடிக்கு எக்ஸைட்டான் என்று பெயர். பகலெல்லாம் ஒன்றையொன்று சுற்றி வருவார்கள், கேன்டீனில் டீ குடிப்பார்கள். சாயங்காலம் ஆள் தன் காலியிடத்தில் போய் உட்காருவார். கொஞ்சம் வெளிச்சம் வரும். பிறகு விடியும்வரை அசைய மாட்டார்.

பெரிய கட்டடங்களில் இதெல்லாம் நிலைக்காது. மாடியில் நாலு பேர், கீழே நாலு பேர் என்று இருந்தால் ஆளாளுக்கு மூக்கை நுழைத்து ஒட்டுதலைத் தளர்த்திவிடுவார்கள். இங்கே மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை. ஜோடிகள் கெட்டியாக இருந்தன.

எவ்வளவு கெட்டி என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அமலோற்பவத்தின் வேலை. கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவள். அங்கே அவள் விட்டுவந்த காலியிடத்தில் அன்றைக்கே யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். இங்கேயும் எல்லா இடத்திலும் ஆள் இருந்தது. அதனால் ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து நின்றுகொண்டே கணக்குப் போட்டாள். சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து வெளிச்சம் விட்டபிறகு, கால் கடுக்க பஸ் ஏறி அம்மாவிடம் போவாள். அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

பங்குனியில் அவள் செவந்தியப்பனோடும் அவருடைய காலியிடத்தோடும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள். செவந்தியப்பன் ஐம்பது தாண்டிய பேராசிரியர், நடக்கும்போது வலப்பக்கமாகச் சுழல்கிறவர். அவள் இடப்பக்கமாகச் சுழல்கிறவள். அதனால் இடித்துக்கொள்ளாமல் போக முடிந்தது. காலியிடத்துக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் பின்தங்கினால் நின்று கூட்டிக்கொண்டு போகும். இப்படி மூன்று பேராகத் திரிவதற்கு ட்ரையான் என்று பெயர்.

துறைத்தலைவர் குழைக்காதர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“சித்திரை வெயில் மூணாவது ஆளை உதறிரும்மா. அந்தச் சூட்டுக்கு மேல ஒட்டுதல் இருக்கான்னு கணக்குப் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா வராண்டாதான்.”

வராண்டாவில் போன வருடம் உதறப்பட்டவர்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் நகர்ந்து வழிவிட்டார்கள். அவர்களோடு போய்ச் சேர அமலோற்பவத்துக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. ராவும் பகலுமாகக் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். விடை சூட்டைவிடக் கொஞ்சம் கீழேயே நின்றது. திரும்ப ஓடவிட்டாள். அதே விடை. தாளை மடித்து வைத்துவிட்டு அழுதாள். காலியிடம் பக்கத்தில் வந்து நின்றது.

அது அவ்வளவு பக்கத்தில் நின்றதைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தவறு புரிந்தது. கணக்கில் அவரைக் காலியிடத்தை ஒட்டியும் தன்னை இரண்டடி தள்ளியும் நிறுத்தியிருந்தாள். வயதில் மூத்தவராயிற்றே என்ற மரியாதைதான், வேறொன்றுமில்லை. அவர் பேரையும் தன் பேரையும் வேறு எழுதி வைத்திருந்தாள். இந்த மாதிரிக் கணக்கில் ஆளுக்குப் பேர் கிடையாது என்று அவளே எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறாள்.

“சார், உங்க பேரை எடுத்துரட்டுமா?”

“எடுங்க. உங்க பேரையும் எடுத்துருங்க” என்றார் செவந்தியப்பன்.

இருவரில் யார் பக்கத்தில், யார் தள்ளி என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எழுதி ஓடவிட்டாள். விடை சித்திரையைத் தாண்டிப்போய் நின்றது. குழைக்காதர் தாளைப் பார்த்துவிட்டு, “அப்பச் சரி, இருங்க” என்றார். அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. கட்டடத்தின் தடிமனை நினைத்துப் பேசாமல் இருந்தாள்.

சித்திரை வந்தது. வராண்டாவில் கூட்டம் கூடியது. அவர்கள் மூவரும் பிரியவில்லை.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். காலியிடம் அவள் பக்கமாகத் திரும்பியது. கணக்குப்படி அதற்கும் வாய்ப்பு இருந்தது. அமலோற்பவம் உட்கார்ந்தாள். இந்த ஊருக்கு வந்தபிறகு முழுசாக உட்கார்வது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் நிம்மதி பரவியது. வெளிச்சம் வந்தது. வழக்கத்தைவிட ஒரு பொட்டு சிவப்பு கூட. அதில் செவந்தியப்பன் லேசாகப் பின்னால் தள்ளப்பட்டார். பிறகு அவளுடைய கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அவள் அம்மா ஞானப்பூ கதவைத் திறந்தாள்.

“ஏட்டி, ஏன் இவ்வளவு நேரம்?”

“கணக்கு சரியா வந்துட்டும்மா” என்றார் செவந்தியப்பன்.

“கை கால் கழுவிட்டு வா. சொதி வச்சிருக்கேன்.” தட்டைப் போட்டுவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்தாள். “நாளைக்கு கோவில்பட்டியிலருந்து உன்னயப் பொண்ணு பாக்க வாராங்க. அந்தப் பச்சைச் சேலையத் தேய்ச்சு வச்சிருக்கேன்.”

“சரிம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு கரண்டி சொதி ஊற்றிக்கொண்டார்.