கலியாண வீட்டுப் படங்கள்

லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டவை கரப்பான் முட்டைகள். விசிறியைச் சுற்றித் தலைமயிரும் பிஸ்கட் தூளும் பிசுபிசுத்து அப்பிக்கிடந்தன. தாரிகா மூச்சை அடக்கிக்கொண்டு, பழைய பல்பிரஷால் எல்லாவற்றையும் ஒரு பத்திரிகைத் தாளில் தட்டினாள். வெள்ளவத்தையில் காலி வீதி என்கிற பெருந்தெருவை ஒட்டிய அந்தக் கணினித் திருத்தகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். இதைவிட மோசமானதெல்லாம் பார்த்துவிட்டாள். இந்த மாதிரி அருவருப்பு கை கழுவினால் போய்விடும்.

லப்டொப் அம்னா டீச்சருடையது. வீடு பக்கத்தில், பாமன்கடை என்கிற இடத்தில். காலையில் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதே அலுத்துக்கொண்டார்.

“ஒன் பண்ணிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இரிக்கி தங்கச்சி. புதுசுதான் வாங்கணுமா?”

“தேவையில்லை டீச்சர். பழைய ஹாட் டிஸ்க்கை எடுத்துப்போட்டு எஸ்.எஸ்.டி. போடுவம். ரெம் நாலு ஜீபிதான் கிடக்கு, இன்னும் எட்டுப் போட்டால் பறக்கும்.”

“படமெல்லாம் அப்பிடியே இரிக்குமா? எங்கட தங்கச்சிட கலியாணப் படம் வேற எங்கயும் இல்ல.”

“ஓம், ஒண்டும் அழியாது. பழசில இருக்கிறதை அப்படியே புதுசுக்குக் கொப்பி பண்ணித்தான் போடுவன். பழைய டிஸ்க்கையும் உங்கட கையிலயே தருவன்.”

பின்னறைக் கணினியில் இரண்டு டிஸ்க்குகளையும் செருகி, கொப்பியாக விட்டுவிட்டுத் தாரிகா சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது கடைக்காரன் பிரியந்தன் அந்தக் கணினியின் முன்னால் மீன் ரோல் ஒன்றைத் தின்றுகொண்டு இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து, வாயைத் துடைத்தபடி முன்பக்கம் போனான்.

“அந்தப் பழைய டிஸ்க் செத்துப்போச்சு எண்டு டீச்சரிட்டச் சொல்லும். இங்கயே கிடக்கட்டும்,” என்றான் போகிற போக்கில்.

நல்லாய் வேலை செய்கிற டிஸ்க் அது. தாரிகா குழப்பத்தோடு கதிரையில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். ரோல் எண்ணெய் விரலில் ஒட்டியது. திரையில் அவள் தொடங்கிவைத்த வேலை முடிந்திருந்தது. அதற்குக் கீழே அவள் தொடங்காத இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரின் படங்கள் பிரியந்தனின் சொந்த டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தன.

அந்த டிஸ்க்கைத் திறந்தாள். முப்பத்துநாலு ஃபோல்டர்கள். ‘ஷிம்னா, கிருலப்பனை.’ ‘டில்ஷானி, டியூஷன் மிஸ்.’ ஒவ்வொன்றுக்கும் பேரும் திகதியும் ஒழுங்காய் இருந்தன. எல்லாம் பெண்கள்.

தாரிகா முதலில் தேடியது தன் பேரைத்தான். வேலைக்குச் சேருமுன், போன வருஷம், அவளும் தன் லப்டொப்பை இந்தக் கடையில்தான் திருத்தக் கொடுத்திருந்தாள். பேர் இல்லை. மனம் ஆறியது. அடுத்த கணமே அந்த ஆறுதல் அவளுக்கே அருவருப்பாய் இருந்தது. டீச்சரின் பேரில் இருந்ததைத் திறந்தாள். மருதாணிக் கைகள், விரித்த கூந்தலோடு சிரிக்கிற பெண்கள், பாயில் சரிந்து படுத்திருக்கிற கலியாணப் பொம்பிளை. உடனே மூடினாள். ஃபோல்டர் வரிசையை மட்டும் தன் போனில் படமெடுத்தாள்.

பிரியந்தன் திரும்பி வந்தான். ஏழு மாதமாய் அண்ணை என்று கூப்பிட்ட ஆள். எந்தப் பெண் வந்தாலும் கதிரை இழுத்துப் போட்டு, “இருங்கோ அக்கா” என்பவன்.

“இது என்ன அண்ணை?”

“பேக்கப்தான், பிள்ளை. நாளைக்கு ஏதும் அழிஞ்சால் ஆர் பதில் சொல்றது?”

“அப்ப ஆம்பிளையளின்ர பேக்கப் எங்க?”

அவன் கைகளைக் காற்சட்டையில் துடைத்தான். பிறகு சிரித்தான். “ஒரு கெட்ட படமும் இல்லை, வேணுமெண்டால் பாரும். கலியாண வீட்டுப் படம்தானே. ஆருக்கும் அனுப்பினனானோ? சும்மா பாக்கிறதுதான்.”

பல்லிடுக்கில் வெங்காயத் துண்டு ஒன்று தெரிந்தது. தாரிகா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, ரெம்மைச் செருகி, மூடியைப் பூட்டினாள். பதினொரு செக்கனில் திரை எழும்பியது. வேறு நாளென்றால் சந்தோசப்பட்டிருப்பாள். லப்டொப்பையும் பழைய டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். பின்னால் அவன் கூப்பிடுவது கேட்டது.

டீச்சர் வீட்டில் அவர் தங்கை உம்மு குல்தூமும் இருந்தாள். படத்தில் பாயில் சரிந்திருந்த அதே முகம். தாரிகாவால் அவளை நேரே பார்க்க முடியவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“அவன் பாத்தானா?” என்றார் அம்னா.

“ஓம் டீச்சர்.”

“நீங்க?”

“திறந்தனான். ஏழெட்டுப் படம் தெரிஞ்சது. மூடிட்டன்.”

உம்மு குல்தூம் எழுந்து குளியலறைக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

“பொம்பிளைகள் மட்டும் இருந்த மருதாணி ராவு அது, அதான் ஒருத்தரும் தல மூடல்ல,” என்றார் அம்னா. “படம் எடுத்ததும் பொம்பிளைதான். வேற ஒருத்தரும் போன் எடுக்கக் கூடாதுன்னு நான்தான் கதவுல நின்டு சொன்னேன். கடைசில நானே கொண்டு போய் அவன்ட கையில குடுத்திரிக்கேன்.” அவர் முகம் சுருங்கியது. “வெளிய சொன்னா எங்கட பேர்தான் நாறும்னு உம்மா சொல்லுவாங்க. நாறட்டும். வாங்க போவம்.”

பொலிஸில் ஒரு கான்ஸ்டபிள் சிங்களத்தில், “உடுப்பில்லாத படமா?” என்று கேட்டான். இல்லை என்றதும் பேனையை வைத்துவிட்டான். டீச்சர் நகரவில்லை. “அவன் களவெடுத்திரிக்கான். எழுதுங்க,” என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளேயிருந்து வந்த பெண் அதிகாரி தாரிகாவின் போனை வாங்கி, பேர்களை ஒவ்வொன்றாய் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் உதடு இறுகியது. அன்று பின்னேரமே ஜீப் கடைக்குப் போனது.

கணினியும் டிஸ்க்குகளும் பொலிஸிடம். பிரியந்தன் பிணையில் வெளியே வந்துவிட்டான். வழக்கு நடக்கிறது. முப்பத்துநாலு பேரில் வாக்குமூலம் கொடுக்க முன்வந்தவர்கள் ஆறு பேர். ஒரு நாள் அவன் மனைவி கௌரி தாரிகாவுக்குப் போன் எடுத்து, “அப்படி என்ன பெரிய விசயமாம்? உமக்கு வேலை தந்த மனுசனெல்லோ?” என்றாள். தாரிகா அழைப்பை வெட்டிவிட்டு, போனைத் துணியால் துடைத்தாள்.

இப்போது அவள் கொட்டாஞ்சேனையில் வேறொரு கடையில் இருக்கிறாள். டிஸ்க் மாற்ற வருகிறவர்களைத் தனக்கு எதிரே உட்காரவைத்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறாள். சிலர் சலித்துக்கொள்வார்கள். நேற்று ஒருவர், “விட்டுட்டுப் போய்ப் பின்னேரம் வந்து எடுக்கிறனே, என்னத்துக்குக் காத்திருக்க வேணும்?” என்று கேட்டார்.

“முடியும் வரைக்கும் இருங்கோ ஐயா,” என்றாள் தாரிகா. “உங்கட சாமான்.”