அலுமாரிக்குள் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்

எங்க வீட்டுக்காரர் சூசைரட்ணம் நீர்மூழ்கிக் கப்பல் கதை எழுதினாரு. கடலப் பாத்திருக்காரான்னு கேளுங்க. கல்யாணத்துக்குச் சீலை எடுக்கக் கொழும்புக்குப் போனப்ப ஒரே ஒரு தடவை, அதுவும் மழையில. மத்தபடி மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பெக்டரிக் கிளாக்கரு. நான் டோரீன், அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர்.

கதைன்னா ரெண்டு சண்டை, ஒரு காதல்னு எழுதிட்டுப் போகக் கூடாதா? மாட்டாரு. "படிக்கிறவன் நம்பணும்ல"ம்பாரு. அட்டன் டவுன்ல பழைய கப்பற்படைப் புத்தகம் ஒன்னு வாங்கிட்டு வந்து, பாட்டரி எங்க இருக்கும், தண்ணி புகுந்தா எந்தக் கதவ மூடணும்னு பக்கம் பக்கமா எழுதுவாரு. காதலி மொத அத்தியாயத்துல துறைமுகத்துக்கு வந்தவ, பாவம், இன்னும் அங்கேயே நிக்கிறா.

ஒரு சனிக்கிழமை என் அலுமாரியக் காலி பண்ணிட்டாரு. கோயிலுக்குக் கட்டுற சீலையெல்லாம் கட்டில் மேல கெடக்கு. தேயிலைப் பெட்டிக்குள்ள ஒட்டுற ஈயத்தாள வச்சு அலுமாரி இடுக்கையெல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்காரு.

"என்னங்க கூத்து இது?"

"கப்பலுக்குள்ள மாட்டிக்கிட்டவனுக்கு மூச்சு எப்படி இருக்கும்னு தெரியாம எப்படி எழுதறது?"ன்னு உள்ள போய்ச் சாத்திக்கிட்டாரு. நான் வெளிய நின்னு திட்டிக்கிட்டே இருந்தேன். உள்ளருந்து வந்துக்கிட்டிருந்த பதில் நின்னு போச்சு. கதவப் பிச்சுத் தொறந்தா, மனுசன் சுருண்டு படுத்துத் தூங்குறாரு! முதுகுல ரெண்டு வச்சேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. விறகு கொண்டாந்த ராக்காயி எப்பவும் போல அடுப்படியில கதை கேக்க ஒக்காந்தா. அவ புருசன் சோலைமலை, போன மழையில மண்ணு சரிஞ்சு புதைஞ்சவரு. இருட்டிருச்சு, இன்னும் சரியும்னு தோட்டத்துத் தொரை தோண்டறத நிப்பாட்டிட்டாரு. மறுநாள் காலையிலதான் எடுத்தாங்க. அதுலருந்து ராக்காயி பாக்குறவங்ககிட்ட எல்லாம் ஒரே கேள்விதான். "அவரு எப்படிப் போயிருப்பாரு?" நாங்களும் ஒரே பதில்தான் சொல்லுவோம். பட்டுன்னு போயிருப்பாரு, ஒன்னும் தெரிஞ்சிருக்காது. தலைய ஆட்டிட்டு, அடுத்தவங்ககிட்ட கேக்கப் போயிருவா.

இந்தக் கிறுக்கு மனுசன் அன்னைக்குன்னு பாத்து, கப்பல் அறைக்குள்ள மாட்டுன இன்ஜின்காரன் கதைய வாசிக்கிறாரு. நான் கண்ணக் காட்டுறேன், நிமிந்து பாத்தாத்தானே! அவன் கதவத் தட்டிப் பாத்தானாம். அப்புறம் மூச்ச மிச்சம் புடிக்கக் கத்தாமப் படுத்துக்கிட்டானாம்.

"கிளாக்கரையா, இது நீங்களாக் கட்டுனதா, நெசமா?"ன்னா ராக்காயி.

"கதைதானே, எல்லாம் புளுகு"ன்னு நான் குறுக்க விழுந்தேன்.

"புளுகா?"ன்னு அவருக்கு ரோசம் வந்துருச்சு. ஆனா ராக்காயி மொகத்தப் பாத்ததும் கையில இருந்த தாளக் கீழ வச்சுட்டாரு. "நெசந்தான் ராக்காயி"ன்னாரு.

"நோவுமா?"

மாதாவே, இல்லைன்னு சொல்ல வையின்னு வேண்டிக்கிட்டேன்.

"நோவும். மொதல்ல தலை இடிக்கும், மூச்சு வாங்கும், பயமா இருக்கும். அப்புறம் கண்ணு சொக்கிரும். நேத்து எனக்கே அப்படித்தான் இருந்துச்சு. தூங்குனதே எனக்குத் தெரியல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாள அடுப்புல போட்டிருப்பேன். ராக்காயி என் பக்கம் திரும்புனா.

"பட்டுன்னு போகல டீச்சரம்மா. ரெண்டு கல்லு சாஞ்சு அவருக்கு மேல கூரை கணக்கா நின்னுச்சு. மொதல்ல எறங்கிப் பாத்தது நான்தான். ஒடம்புல ஒரு கீறல் இல்ல. மழைக்குப் போத்திக்கிட்டுப் போன கம்பளிய நாலா மடிச்சு, தலைக்கு வச்சுப் படுத்திருந்தாரு. அத உருவி இடுப்புல சொருகிக்கிட்டேன். பாதியில தோண்டறத விட்டுட்டு வந்தவங்க அதப் பாத்தா மனசு தாங்குமா?"

ராக்காயி அடுப்பப் பாத்துக்கிட்டே சொன்னா.

"தவிச்சுத் தவிச்சுப் போனாரோன்னு அன்னைலருந்து நான் கண்ண மூடல. தூங்கத்தான் கம்பளிய மடிச்சிருக்காரு."

தேத்தண்ணி ஊத்த எந்திரிச்சேன். ஊத்திக்கிட்டுத் திரும்பினா, ராக்காயி செவுத்துல சாஞ்சு, வாயத் தொறந்து தூங்கிக்கிட்டு இருக்கா. அவரு எந்திரிச்சுப் போய் முன்கதவச் சத்தமில்லாமச் சாத்திட்டு வந்தாரு.