குதிரைக் காதில் பற்சுவடு

முன்பகல் வெயில் உயர்ந்த பலகணிகளின் வழியே சாய்ந்திறங்கித் தரையெங்கும் நெடுங்கட்டங்களாய்ப் படிந்திருக்க, விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றுக்கென்றே எழுப்பப்பட்ட அவ்வருங்காட்சியகம், குழந்தைகள் உறங்கிவிட்ட வீடுபோல் அமைதியுற்றிருந்தது. சுடுமண் பறவைகளும், முறுக்கிவிட்டால் முரசறையும் தகரக் கரடிகளும், ஒரு கண் இழந்தும் சிரிப்பை இழக்காத துணிப் பாவைகளும், தம்மை எடுத்தாண்ட கைகள் எங்கே போயின என்று வினவுவனபோல் கண்ணாடிப் பேழைகளுக்குள் நின்றன.

படிப்பவரே, அவற்றினிடையே மெல்ல நடந்துவரும் அவ்விருவரையும் பாருங்கள். நான்கு அகவையில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒரே மகளின் மரக்குதிரையை, நெடுங்காலம் பரணில் போர்த்தி வைத்திருந்து, சென்ற மழைக்காலத்தில் இவ்விடத்திற்கு அளித்தவள் மனைவி. வேண்டாமென்று வாய்திறந்து தடுக்காமலும், கொடுத்தபின் அதுபற்றி ஒரு சொல்லும் பேசாமலும் இருந்தவன் கணவன். பார்க்கப் போகலாமென்று இன்று அழைத்தவன் அவனே. அவன் தேடிவந்தது குதிரையையன்று. பல் முளைத்த பருவத்தில் மகள் அதன் இடக்காதைக் கடித்துப் பதித்த சிறுகுழிகளை. அவள் தன் உடலால் இவ்வுலகில் விட்டுச்சென்ற தடம் வேறெதுவுமில்லை.

குதிரை இருந்தது. காது வழுவழுப்பாய், குறையேதுமின்றி ஒளிர்ந்தது.

"இது நம்மளோடது இல்ல."

"அதே சேணம், அதே வாலுங்க. கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

"போட்டுட்டுதான் பாக்கறேன். பாப்பா கடிச்சது எங்க? எதையோ வெச்சு ஏமாத்துறாங்க. அதான் நான் அப்பவே..."

"அப்பவே என்ன சொன்னீங்க? ஒண்ணுமே சொல்லலையே! சொல்லியிருந்தா குடுத்திருப்பேனா?"

அருகே ஒரு பாவையின் தூசியைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்த அருங்காட்சியகத்தின் பழுதுநீக்கும் பெண், தூரிகையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"உங்க குதிரைதாங்க ஐயா. காதுல இருந்த குழிய நான்தான் அடைச்சேன். எலி கடிச்சதுன்னு நினைச்சுட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு, எதிர்பாராமல் சிரித்தான்.

"எலிதாம்மா. எங்க வீட்டு எலி. சோறு ஊட்டுனா வாயே திறக்காது. அந்தக் காத மட்டும் விடாது." சிரிப்பு பாதியில் உடைந்தது. "சுரண்டிட்டியாம்மா?"

"இல்லைங்க. இங்க எதச் செஞ்சாலும் திரும்பப் பிரிக்கிற மாதிரிதான் செய்யணும். அடைச்சது வெறும் மெழுகு. இருங்க."

பேழையைத் திறந்து, சூடேற்றிய சிறு தகட்டை அவள் காதருகே பிடிக்க, மேற்பூச்சும் மெழுகும் இளகித் துணியில் ஒற்ற ஒற்ற வந்தன. மெழுகு நீங்க நீங்க, மரத்தினுள்ளிருந்து ஒவ்வொன்றாய்க் குழிகள் வெளிப்பட்டன. அரிசிமணியளவே ஆனவை, சற்றே கோணலானவை. கணவன் பெருவிரலை அவற்றின்மேல் வைத்து, நெடுநேரம் எடுக்காதிருந்தான்.

"வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடலாமாங்க?" என்றாள் மனைவி, தாழ்ந்த குரலில்.

"வேணாம். பரண்ல இருட்டுல கெடந்தது போதும். இங்க நாலு பசங்க பாக்கட்டும்." பழுதுநீக்கும் பெண்ணிடம் திரும்பினான். "காத மட்டும் இப்படியே விட்டுடும்மா."

அவ்வாறே விடப்பட்டது. இழப்பை மூடி மெருகிடுவதும் அன்பே. மூடியதைத் திறந்து வைப்பதற்கோ, அன்போடு துணிவும் வேண்டியிருக்கிறது. அதன்பின் அப்பேழைமுன் நிற்கும் பெரியவர்கள், மற்றெல்லாம் செம்மையாயிருக்க அக்காதை மட்டும் ஏன் விட்டார்களென்று கேட்பதுண்டு. சிறு குழந்தைகள் கேட்பதில்லை. தம் பற்களை நாவால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, அடுத்த பேழைக்கு நகர்கின்றனர்.