ஒரே ஒரு குதிரைத்திறன்

அண்ணன் தன் பட்டறையில் எஞ்சினின் திறனைக் கூட்டிக்கொடுத்த வண்டி நான்காம் நாள் மரத்தில் மோதியது. ஓட்டியவர் இறந்துவிட்டார். அந்த வண்டிக்கு அனுமதி இருநூறு குதிரைத்திறன். அண்ணனின் லேப்டாப்பில் இருநூற்று ஆறு என்று இருந்தது. அண்ணனை உள்ளே வைத்தார்கள்.

அந்த மென்பொருளை எழுதியவள் நான். வண்டி வேகம் பிடிக்கும் விதத்தை வைத்து எஞ்சினின் திறனைக் கணக்கிடும். எடை, சக்கரத்தின் சுற்றளவு, சாலையின் ஏற்ற இறக்கம் மூன்றையும் அளந்து கொடுக்க வேண்டும். அண்ணன் எதையும் அளக்கவில்லை. புத்தகத்தில் இருந்ததைப் போட்டிருந்தான். சாலை சமதளம் என்று போட்டிருந்தான்.

"வெறும் மதிப்பீடுதான்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். நீங்க எதுக்கு அளந்து குடுக்குறீங்க?" என்றார் வக்கீல்.

அளந்தால் குறையும் என்று நம்பினேன். விசாரணை அதிகாரியிடம் நானே போய் நின்றேன்.

"எப்படியும் மூணு சதவீதம் முன்னப்பின்ன இருக்கும்மா," என்றார் அவர். "அதையும் சேத்து இருநூறத் தாண்டக் கூடாது. நூத்தித் தொண்ணூத்தி நாலுக்குள்ள வந்தா விட்டுடலாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கையெழுத்தோட அனுப்புங்க. அப்புறம் அதுதான் கணக்கு."

உடைந்த வண்டியை லாரியில் ஏற்றி எடை மேடைக்குக் கொண்டுபோனோம். நானும் அண்ணியும் பின்னால் போனோம். அண்ணனிடம் வரும் முன்பே பின் இருக்கைகளை யாரோ கழற்றியிருந்தார்கள். புத்தகத்தில் இருந்ததைவிட நாற்பது கிலோ குறைந்தது. இருநூற்று ஒன்று.

"பாத்தியா கணக்குப்புலி!" அண்ணி என் முதுகில் அடித்தார். ஒரு வாரத்தில் அன்றுதான் சிரித்தார்.

பின் சக்கரம் தேய்ந்திருந்தது. அதே எடையுள்ள வேறொரு வண்டியில் மாட்டி, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அளந்தோம். சுற்றளவு குறைந்தது; திறன் நூற்றுத் தொண்ணூற்று ஐந்துக்கு இறங்கியது.

"ஒண்ணுதானே? கண்ண மூடிக்கிட்டுக் குறைச்சிடு."

"சாலை மிச்சம் இருக்கு அண்ணி. கொஞ்சம் இறக்கமா இருந்தாப் போதும், அந்த வேகம் முழுக்க எஞ்சினோடது இல்லன்னு ஆயிடும்."

ஒரே சாலையில் போகும்போதும் வரும்போதும் ஓட்டிச் சராசரி எடுப்பதுதான் முறை. எதிர்ப்பக்கம் குண்டும் குழியும் என்று அண்ணன் எப்போதும் ஒரே பக்கம்தான் ஓட்டுவான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அண்ணன் ஓட்டிய சாலைக்குப் போனோம். பார்த்தால் தட்டையான சாலை. கொத்தனார் மட்டம் பார்க்கும் நீளமான பிளாஸ்டிக் குழாயை இரவல் வாங்கித் தண்ணீர் நிரப்பினோம். அண்ணன் ஓட்டத் தொடங்கிய இடத்தில் நான் குச்சியோடு நின்றேன். அவன் போன திசையில் இருபது மீட்டர் தள்ளி அண்ணி நின்றார்.

என் குச்சியில் தண்ணீர் தொண்ணூறு சென்டிமீட்டரில் நின்றது.

"எனக்கு எழுபதுதான்டி!" அண்ணி கத்தினார். "என் பக்கம் கம்மி! இறக்கம்!"

தண்ணீரின் மட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அண்ணியின் குச்சியில் அது தாழ்ந்து தெரிந்தால், அவர் நிற்கும் தரை உயர்ந்திருக்கிறது. இருபது மீட்டருக்கு ஒரு சாண். அண்ணன் மேட்டில் ஏற்றியிருக்கிறான்.

இன்னும் நான்கு இடங்களில் அளந்தோம். எல்லாம் ஏற்றம்.

என் காருக்குள் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். இருநூற்று ஒன்று.

அண்ணி திரையையே பார்த்தார்.

"மாத்திப் போடு."

"எதை?"

"உன் குச்சி, என் குச்சி. யாரு எங்க நின்னாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

ஏற்றத்தின் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டேன். நூற்று எண்பத்தொன்பது. மென்பொருள் ஒன்றும் கேட்கவில்லை.

"அனுப்பு."

"அதிகாரி வந்து அளந்து பாத்தா?"

"அந்த ஆளு வரமாட்டாரு. உனக்கே தெரியும்."

தெரியும். செத்தவருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.  நான்கு நாற்பதுக்கு அந்தக் குறியை அழித்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அண்ணி கதவைத் திறந்து இறங்கினார்.

"அவருக்கு நீ தங்கச்சியா, தராசா?"

 சாலை ஓரமாக நடந்தார். பஸ் நிறுத்தம் ஆறு கிலோமீட்டர். கண்ணாடியை இறக்கிவிட்டு முதல் கியரில் பக்கத்திலேயே போனேன்.

"ஏறுங்க அண்ணி."

திரும்பவில்லை.

"அண்ணி, ஏறிடுங்க."

பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் வேகம் கூட்டவில்லை.