தம்பியின் கைக்குள் வைத்த படலம்

பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு விபத்தில் தோளுக்குக் கீழே நரம்பு அறுந்துபோனது. அன்றிலிருந்து வலது கை யாருடைய சாமானோ போலத் தோளில் தொங்கியது. அவனுடைய அக்கா ஓர் ஆய்வுக்கூடத்தில் செயற்கை நரம்பு செய்கிற குழுவில் இருந்தாள். மூளை அனுப்பும் சமிக்ஞையை அறுந்த இடம் தாண்டிக் கொண்டுபோய்த் தசையில் சேர்க்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் அது. சமிக்ஞையைக் கடத்தும் உடம்பின் உப்புநீர் ஊறி உள்ளே போக, பஞ்சு மாதிரி அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள்.

அதை மனிதர்களுக்கு வைத்துப் பார்க்கும் சோதனைக்கு ஆள் எடுத்தபோது, அறுவை செய்யவிருந்த டாக்டரம்மாதான் தம்பியைத் தேர்ந்தெடுத்தார். அக்கா சிபாரிசு எதுவும் செய்யவில்லை. படலத்தை மட்டும் தன் கையால் வார்த்தாள்.

படலத்தை உள்ளே வைத்துப் போட்ட தையல் ஆறி, ஒரு காலையில் சுட்டுவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்களும். ஆய்வுக்கூடத்துக்கு அவனே போன் செய்தான்.

"அக்கா, சட்டை பட்டனை நானே போட்டேன். ஒண்ணு மாத்திப் போட்டுட்டேன்தான். ஆனா நான் போட்டது."

பின்னால் அவன் மனைவி சிரிப்பது கேட்டது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு கண்ணீர் விட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் விரல்கள் மந்தமாயின. பிடித்த டம்ளர் நழுவியது. டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து அக்காவை அழைத்தார்.

"துளைக்குள்ள சதை வளர்ந்துடுச்சும்மா. அடைச்சுகிட்டே வருது."

துளையைச் சிறிதாக்கினால் சதை நுழையாது; ஆனால் உப்புநீரும் சரியாக ஊறாது, சமிக்ஞை தள்ளாடித் தள்ளாடித்தான் போகும், விரல் அசையாது. அவளுக்கு அது தெரியாததல்ல. நடுவில் ஓர் அளவு கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். சாப்பாடு தூக்கம் பாராமல் புதிதாக ஒரு படலம் வார்த்தாள். ஆய்வுக்கூடத் தட்டில் வைத்துச் சோதித்தபோது நன்றாகவே வேலை செய்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா வாங்கவில்லை. "உள்ள எல்லாம் தழும்பா இறுகிடுச்சு. பழசை எடுத்தே ஆகணும், இல்லன்னா சீழ் வைக்கும். புதுசு வைக்க இடமில்லை."

"ஓரமா ஒரு இடம் கூடவா இல்லை?"

"இருந்தா நான் வேண்டாம்னு சொல்வேனா?"

தம்பியிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"விடுக்கா. ஓசியில வந்த வண்டி, டீசல் தீர்ந்துபோச்சு."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"எனக்கு அடுத்து வைக்கிறவனுக்காச்சும் நிக்குமா?"

"தெரியலைடா."

"பொய்யாவாவது நிக்கும்னு சொல்லேன்."



படலத்தை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று அவன் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். லிப்ட் வரவில்லை. அக்காவும் தம்பியும் படியில் இறங்கினார்கள். பாதிப் படியில், பேண்ட் பைக்குள் செருகியிருந்த வலது கை வெளியே விழுந்து கைப்பிடிக் கம்பியில் மோதியது. அவனுக்கு அது தெரியவில்லை. எதையோ சொல்லிக்கொண்டே இறங்கினான். எடுத்து மறுபடி பைக்குள் வைப்பதா, பார்க்காதது போல இருப்பதா என்று தெரியாமல், அவள் ஒரு படி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.