கூரை முட்டிய பூட்ஸ்

பூட்ஸ் தொழிற்சாலையில் முதலில் பயந்தவர் கிடங்குக்காரர்தான். கடைகளுக்கு அனுப்பிய பெட்டிகள் விற்காமல் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஆனால் வங்கி கேட்டபோதெல்லாம் கடன் கொடுத்ததால், முதலாளி இன்னும் இரண்டு இயந்திரங்களை இறக்கினார். பெட்டிகள் கூரையை முட்டின.

அதே தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்த தன் மனைவியிடம் கிடங்குக்காரர் ஒருநாள் சொன்னார்: "நீங்க பாட்டுக்குத் தெச்சுத் தள்ளுறீங்க. போடுறதுக்குக் கால் எங்க இருக்கு?"

அவள் சிரித்தாள். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை வங்கி கதவைத் திறக்கவே இல்லை. அந்த வாரமே தொழிற்சாலை வாசலிலும் பூட்டு தொங்கியது. சம்பளம் நின்றவர்கள் துணி வாங்கவில்லை. துணிக்கடைக்காரர் தையல்காரரை அனுப்பிவிட்டார். தையல்காரர் முடி வெட்டிக்கொள்வதைத் தள்ளிப்போட்டார். தெருவில் எல்லோருக்கும் தாடி வளர்ந்தது.

அரசாங்கம் முதலில் சிக்கனம் என்றது. ஆசிரியர்களின் சம்பளத்தைக் குறைத்தது, பாதி கட்டிய மருத்துவமனையை அப்படியே நிறுத்தியது. அதில் மீதிக் கடைகளும் படுத்துவிட்டன. இரண்டாம் வருடம்தான் புத்தி வந்து, மலையடி ஏரியிலிருந்து நகரத்துக்குக் குழாய் பதிக்க அறுநூறு பேரை வேலைக்கு எடுத்தது.

கிடங்குக்காரரும் பெயர் கொடுத்தார். பேனா பிடித்த கை காய்த்துப்போனதை அவர் பொருட்படுத்தவில்லை. பாதங்கள்தான் தாங்கவில்லை. பாறை நிலம், பலருக்குக் காலில் சாக்குத்துணிதான் சுற்றியிருந்தது. நான்காம் நாள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். மனைவி காயத்தைக் கழுவிக் கட்டினாள்.

மறுநாள் காலை அவள் நேராகக் குழாய்ப் பணி எஞ்சினியரின் முன்னால் போய் நின்றாள்.

"சார், பாதிப் பேர் நொண்டிக்கிட்டு வேலை செய்யுறாங்க. ரெண்டு தெரு தள்ளி நாங்க தெச்ச பூட்ஸ் சும்மா கெடக்கு. அரசாங்கமே வாங்கிக் குடுக்கக் கூடாதா?"

கருவிகள் வாங்கத்தான் தனக்கு அதிகாரம், உடுப்புக்கும் காலணிக்கும் விதியில் இடமில்லை என்றார் எஞ்சினியர். பாவம், அவர் குரலிலேயே தெம்பில்லை.

"மண்வெட்டி இல்லாம தோண்ட முடியாது, சரி. கால் இல்லாம மட்டும் நின்னு தோண்ட முடியுமா சார்?"

எஞ்சினியர் கருவிப் பட்டியலை இழுத்து, கடப்பாரைக்குக் கீழே பூட்ஸ் என்று எழுதினார்.

தலைமை அலுவலகத்திலிருந்து முதலில் ஒரு கேள்விதான் வந்தது: ஜோடியாகவா, ஒற்றையாகவா? எஞ்சினியர் தலையில் அடித்துக்கொண்டு பதில் எழுதினார். பத்தொன்பதாம் நாள் அனுமதி வந்தது. எந்த அளவு எந்த வரிசையில் இருக்கிறது என்பது கிடங்குக்காரருக்கு மட்டுமே தெரியும் என்பதால், பூட்டைத் திறக்க அவரையே கூப்பிட்டார்கள். ஆட்கள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து பூட்ஸை மாட்டிப் பார்த்தார்கள். வயதான கொத்தனார் ஒருவர் எழுந்து தரையை ஓங்கி மிதித்தார். ஒன்றும் குத்தவில்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள்.

செய்தி பரவி, சாலை போடும் இடங்களிலிருந்தும் பூட்ஸ் கேட்டு ஆள் வந்தது. ஒன்றரை மாதத்தில் கிடங்கு காலி. தொழிற்சாலை திறந்தது. நாற்பது இயந்திரங்களில் ஏழுதான் ஓடின. அந்த ஏழில் ஒன்றில் உட்காரும்படி கிடங்குக்காரரின் மனைவிக்கு அழைப்பு வந்தது. பத்து வருடம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்த தோழிக்கு வரவில்லை.

அவள் மேற்பார்வையாளரிடம் போனாள். "மதியம் வரைக்கும் நான் தைக்கிறேன். அப்புறம் அவ தைக்கட்டும். ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியட்டும்."

அவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற ஆறு இயந்திரங்களிலும் அப்படியே செய்ய ஒரு வாரம்கூட ஆகவில்லை. தினமும் மதியம் மணியடித்ததும் தோழி வாசலில் காத்திருப்பாள். இவள் கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்துவிட்டு, எந்த ஊசி மக்கர் செய்கிறது என்று காதோடு சொல்லிவிட்டு வெளியே வருவாள்.