சேர்ந்த வாரமே சீனியர்

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். புதியவர்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்தவர்களே, "அனுபவம் இருக்கா?" என்றார்கள்.

"வேலை கொடுத்தாதானே சார் அனுபவம் வரும்?"

"கரெக்ட். வந்ததும் வாங்க" என்று வழியனுப்பினார் ஒருவர்.

கடைசியில் ஒரு கம்பெனி சேர்த்துக்கொண்டது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "புதுசா வர்றவங்களைத்தான் எங்களுக்குப் பிடிக்கும்மா. கெட்ட பழக்கம் எதுவும் ஒட்டியிருக்காது."

அந்த வாரமே கூப்பிட்டார். "நாளைக்கு கிளையண்ட் உன்னை வீடியோவில இன்டர்வியூ பண்றாங்க. அஞ்சு வருஷ அனுபவம்னு சொல்லிவெச்சிருக்கேன்."

"சார், அப்ப நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன்."

"ஸ்கூல்ல கம்ப்யூட்டர் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறமென்ன?"

அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். விஷயத்தைக் கேட்ட அம்மா, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். "போட்டுக்கோடி. கொஞ்சம் வயசானவளாத் தெரிவே."

மறுநாள் இன்டர்வியூவில், கண்ணாடி வழியாக எல்லாமே கலங்கலாகத் தெரிந்தன. மேனேஜர் கேமராவில் விழாதபடி சுவரோடு ஒட்டி நின்றார். "எங்க சீனியர் எக்ஸ்பர்ட் கேள்வி கேட்பார்" என்றார் கிளையண்ட் கம்பெனி முதலாளி. யாரோ தொண்டையைச் செருமினார்கள். எங்கேயோ கேட்ட செருமல். சின்னவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

திரையில், கழுத்தை நெரிக்கும் டையோடு ஒட்டடைக்குச்சி! அவள் வகுப்புத் தோழன். உயரத்துக்காகக் கல்லூரி வைத்த பெயர். இருவரும் சேர்ந்து செய்த நூலக மென்பொருள், கண்காட்சியன்று எல்லாப் புத்தகங்களையும் பிரின்சிபால் எடுத்துப்போனதாகக் கணக்குக் காட்டியது.

அவன் முழியும் பிதுங்கியது. ஒருவழியாகக் கேட்டான்: "பெரிய சிக்கல் ஏதாவது... சமாளிச்சிருக்கீங்களா?"

"ஒரு நூலக சிஸ்டம் சார். எல்லாப் புத்தகமும் ஒரே ஆள் பேர்ல ஏறிடுச்சு. உயிரைக் கொடுத்துச் சரிபண்ணோம்."

"ஆமா, நாக்கு தள்ளிப்போச்சு" என்றவன், அவசரமாக, "போயிருக்கும்" என்று திருத்தினான்.

"பாத்தீங்களா?" முதலாளி பூரித்துப்போனார். "அனுபவசாலிங்க பேசிக்கிற அழகே தனி!"

வெளியே வந்ததும் அவன் போன் செய்தான். "எப்ப சேர்ந்தே?"

"திங்கட்கிழமை. நீ?"

"போன மாசம். மரியாதையாப் பேசு, நான் சீனியர்."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் சிரிக்க நேரமில்லை. அவளுக்குத் தெரியாததை அவனிடம் கேட்பாள். அவனுக்கும் தெரியாததால் இருவருமாக உருட்டுவார்கள். திட்டு வாங்கினாள், கழிப்பறையில் போய் அழுதாள், மெல்ல மெல்ல வேலை பிடிபட்டது.

பிறகொரு நாள், மேனேஜர் புதிதாக ஆள் எடுக்க அவளையும் உட்காரவைத்தார். எதிரே, பேனாவைத் தவறவிட்டு மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண். சின்னவள் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னாள். அந்தப் பெண் தப்பாக எழுதி, தானே கண்டுபிடித்துத் திருத்தினாள்.

"எப்ப வந்து சேர முடியும்?" என்றாள் சின்னவள்.

மேனேஜர் அவள் காதில் கிசுகிசுத்தார். "இரும்மா, அனுபவம் என்னன்னு கேட்கவேயில்லையே?"

"அதை வழக்கம்போல நீங்களே போட்டுக்கோங்க, சார்."